மூடுபனி வராவிட்டால்?

நத்தார் காலத்தில் சிறுவர்க்கான படநூல்கள் கடைகளிற் குவிவது வழக்கம். "நீ நீயாகவே இரு" என்று பிள்ளைக்குச் சொல்வதாக விளம்பரம் பெறுபவை அவற்றுட் பல. அவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது செம்மூக்குக் கலைமான் றூடோல்பின் கதை. அக்கதைமீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் இருந்து வந்தது. அதனை இங்கே சொல்லி, என் தவறையும் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

பலரைப் போலவே நானும் அக்கதையைப் பாட்டின் வாயிலாகவே அறிந்தேன். ஜொனி மாக்ஸ் இயற்றி, 1949இல் ஜீன் ஓற்றி பாடிய பாட்டு அது. மூக்குச் சிவந்து ஒளிர்வதால் ஏனைய மான்கள் றூடோல்பை எள்ளுகின்றன. விளையாட்டிற் சேர்க்க மறுக்கின்றன. நத்தார் முன்னிரவில் மூடுபனி கவிகிறது. வண்டிக்கு வழிகாட்ட ஒளி வேண்டும். நத்தார் தாத்தா அவனை அழைக்கிறார். உடனே எல்லா மான்களும் அவன்மீது அன்பு சொரிகின்றன. இஃது என்ன அன்பு? மூடுபனி வராதிருந்தால் அம்மூக்கின் கதி யாது? பயன்பட்டால் மாத்திரமே உன்னை ஏற்போம் என்பதன்றோ இதன் உட்பொருள்? வகுப்பிலே திக்கிப் பேசும் சிறுவனுக்கு இக்கதை ஆறுதலா, அச்சுறுத்தலா? இப்படித்தான் எண்ணியிருந்தேன், மூலநூலைப் படிக்கும்வரை.

அந்நூல் பிறந்த இடம் இலக்கிய மண்டபமன்று. சிக்காகோ நகரத்து மொன்கொமறி வாட் என்னும் வணிக நிலையம். நத்தாருக்குக் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இனாமாக வழங்க ஒரு சிறுநூல் வேண்டியிருந்தது. அப்பணி றொபேட் மே என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய நாவலொன்று எழுதக் கனவு கண்டவர் அவர். எழுதிக்கொண்டிருந்ததோ விலைப்பட்டியலுக்கு ஆண்களின் வெள்ளைச் சட்டைகளைப் பற்றிய வருணனை. மனைவி புற்றுநோயால் நலிந்துகொண்டிருந்தார். எழுதிய அடிகளை நான்கு வயது மகளுக்குப் படித்துக் காட்டியபடியே கதையை வளர்த்தார். செம்மூக்கு குடிகாரனின் அடையாளமாயிற்றே என்று மேலதிகாரி தயங்கியபோது, டென்வர் கிலன் என்ற ஓவியரை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்று மான்களை வரையச் செய்து இசைவு பெற்றார். 1939 யூலையில் மனைவி இறந்தார். பணியை வேறொருவரிடம் விட்டுவிடலாம் என்று அதிகாரி இரக்கத்தோடு கூறியும் மே இணங்கவில்லை. ஓகஸ்ற் இறுதியில் முடித்தார். அவ்வாண்டில் மாத்திரம் 24 இலட்சம் பிரதிகள் பிள்ளைகளின் கைகளைச் சென்றடைந்தன. 1947இல் நிறுவனம் பதிப்புரிமையை அவருக்கே அளித்தது. வணிகர் செய்த செயல்களுள் இஃது அபூர்வமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். மூலநூலின் றூடோல்ப், நத்தார் தாத்தாவின் தொழுவத்தைச் சேர்ந்தவனல்லன். வேறோர் இடத்தில் பெற்றோருடன் வாழும் சாதாரணப் பிள்ளை. எள்ளலுக்கு அழுகிறான். ஆயினும், தன்னை எள்ளும் அழகிய மான்களுக்குக் கிடைக்கும் அளவு பரிசு தனக்கும் கிடைக்கும் என்று நம்பியே அன்று துயில்கிறான். மூடுபனியில் மரவுச்சிகளிற் சிக்கியும், ஆகாயவிமானத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பியும், இருண்ட அறைகளில் இடறியும் அலைகிறார் நத்தார் தாத்தா. அவர் றூடோல்பின் அறைக்குள் வருவது விளக்குத் தேடியன்று; அவனுக்குரிய பரிசை வைப்பதற்காக. அங்கேதான் உறங்கும் பிள்ளையின் முகத்திலிருந்து வரும் ஒளியைக் காண்கிறார். ஆகவே பரிசு முந்தியது, பயன் பிந்தியது. பாட்டின் சுருக்கத்தில் இவ்வறைக்கு இடமில்லாமற் போயிற்று. 1964இல் வந்த தொலைக்காட்சிப் படமோ இன்னும் ஒருபடி சென்று, தகப்பனே வெட்கி மகனின் மூக்கை மறைப்பதாக ஆக்கிவிட்டது. தாயை இழந்த மகளுக்குத் தகப்பன் சொல்லி முடித்த கதையில் வீட்டுக்குள் வெட்கம் இல்லை. இவ்வேறுபாட்டை நான் சிறிதென்று கருதவில்லை.

குறை மூலநூலிலும் இல்லாமலில்லை. முடிவில் எள்ளியவர்கள் பொறாமையோடு பார்த்து நிற்க, றூடோல்ப் யாவர் முன்னும் புகழப்படுகிறான். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களின் வாடை அதில் வீசுகிறது. ஒளிராத மூக்குடைய பிள்ளைகள் அவ்விழாக்களில் எந்த வரிசையில் அமர்ந்திருப்பர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

எனினும், ஆண்டிறுதியில் இக்கதையை வகுப்பிற் சொல்வோர் அந்த இருண்ட அறையைத் தாவிச் செல்லாதிருக்கும்படி வேண்டுகிறேன். மூடுபனி வராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். றூடோல்ப் விடியும்வரை உறங்கியிருப்பான், எழுந்தபோது பரிசு அங்கே இருந்திருக்கும் என்று மறுமொழி கூற மூலநூல் இடந்தருகிறது.