கோழி பிடிக்கும் நாய்: தட்டிக்கொடுப்பதா, தட்டிக்கேட்பதா?

கால்நடைக் கேள்வி-பதில்

'எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டமும் 12 வெள்ளாடுகளும் இருக்கின்றன. 14 மாத வயதில் ஒரு சிப்பிப்பாறை ஆண் நாய் வளர்க்கிறோம். ராத்திரிக் காவலில் குறை சொல்ல முடியாது. ஆனால், பகலில் கோழியைக் கண்டால் நிற்காது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் நான்கைக் கடித்துக் கொன்றுவிட்டது. 'இன்னொரு கோழி செத்தால் சோற்றில் விஷம் வைத்துவிடுவேன்' என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் செத்த கோழியை நாயின் மூக்கில் தேய்த்து, பிரம்பால் அடித்தார். அதிலிருந்து அவர் கூப்பிட்டால் வருவதில்லை. போன வாரம் என் 6 வயது மகன் விளையாட்டாகக் குச்சியை ஓங்கியபோது உறுமியது. 'இன்னும் நாலு போடு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் மாமனார். 'அடிக்காதே, பிஸ்கட் கொடுத்துப் பழக்கு' என்கிறான் தம்பி. நான் யார் பேச்சைக் கேட்பது?'

- வாசகி, சங்கரன்கோவில் வட்டம்.

அம்மா, உங்கள் கடிதத்தில் கோழியைவிட என்னைக் கவலைப்பட வைத்தது அந்த உறுமல்தான். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உறுமுவது திமிர் இல்லை. 'பயமாக இருக்கிறது, கிட்ட வராதே' என்று நாய் சொல்லும் பேச்சு அது. பிரம்பைப் பார்த்து வலி பட்ட நாய்க்கு, பையன் கையில் இருப்பது விளையாட்டுக் குச்சி என்று தெரியாது. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை உறுமாது. சத்தமில்லாமல் நேராகக் கடிக்கும். 'எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்கள் பலவற்றின் கதை இதுதான். எனவே, இப்போதைக்குப் பையனையும் நாயையும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தனியே விட வேண்டாம். வீட்டில் யாரும் அதன் முன்னால் குச்சியையோ விளக்குமாற்றையோ ஓங்கவும் வேண்டாம். அடிபட்ட இடத்தில் வீக்கமோ வலியோ இருக்கிறதா என்றும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலியோடு இருக்கும் நாய் தொட்டாலே சீறும்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வைக்கக் கூடாது.

இனி கோழி விஷயத்துக்கு வருவோம். மாமனார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தப்பு செய்தால் அதன் பலன் தெரிய வேண்டும் என்கிறார். ஆனால், பலன் எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் நடுவே ஒன்றிரண்டு நொடிக்கு மேல் போய்விட்டால், நாய் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. காலையில் கோழியைப் பிடித்தது. வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து, கூப்பிட்டு, அது வாலை ஆட்டிக்கொண்டு வந்த பிறகு அடித்திருப்பார். நாய் கற்றுக்கொண்ட பாடம் என்ன? 'இவர் கூப்பிட்டுப் போனால் அடி விழும்.' அதைத்தான் அது இப்போது சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அடிக்கும்போது காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி நிற்பதைப் பார்த்து 'தப்பை உணர்ந்துவிட்டது' என்று நினைக்கிறோம். நம் கோபத்தைப் பார்த்துப் பணிகிறது, அவ்வளவுதான்.

தம்பி சொல்வதும் பாதிதான் சரி. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்புபவை. அசைவதைக் கண்டால் கால் தானாக ஓடும். அந்த ஓட்டமே அதற்குக் கிடைக்கும் பெரிய பரிசு. ஓடும் கோழிக்கு முன்னால் உங்கள் பிஸ்கட் எம்மாத்திரம்? ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அது தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்கிறது. ஆகவே, முதலில் அந்தப் பரிசை நிறுத்த வேண்டும். அதற்குத் தேவை ஒரு கயிறு.

இன்றிலிருந்து கோழி மேயும் நேரத்தில் நாய் அவிழ்ந்து இருக்கக் கூடாது. நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடச் சொல்லவில்லை. அப்படிக் கட்டிவைப்பதும் அடித்துத் துன்புறுத்துவதும் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கட்டியே கிடக்கும் வேட்டை நாய் இன்னும் மோசமாகும். விடியற்காலை, பஞ்சாரத்திலிருந்து கோழியைத் திறந்துவிடும் முன்பு, 20 அடி நீளக் கயிற்றில் தோட்டத்தைச் சுற்றி நன்றாக ஓடவிடுங்கள். சாயங்காலம் கோழி அடைந்த பிறகு இன்னொரு முறை. நடுவில் நிழலான இடத்தில், தண்ணீர் வைத்து, கோழி கண்ணில் படாதபடி தட்டி கட்டி வையுங்கள். அவிழ்த்துவிட்டால் மயிலையும் முயலையும் துரத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டுமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன.

அடுத்து, கெட்டுப்போன அழைப்பைச் சரிசெய்ய வேண்டும். இதுவரை எந்தச் சொல்லால் கூப்பிட்டு அடித்தீர்களோ, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 'வா' என்று கூப்பிட்டிருந்தால் இனி 'இங்கே' என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது, வேகவைத்த கோழி ஈரலையோ முட்டையையோ கடலைப்பருப்பு அளவுக்குப் பத்துப் பதினைந்து துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். கருவாடு என்றால் உப்புப் போகக் கழுவி வேகவைத்தது. சமைத்த கோழி எலும்பு, சாக்லேட், திராட்சை கூடாது. வெங்காயமும் நாய்க்கு ஆகாது. குழம்புச் சோறு போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குள் இரண்டு எட்டு தூரத்தில் நின்று ஒரே ஒரு முறை 'இங்கே' என்று சொல்லுங்கள். அது திரும்பிய அந்த நொடியில் 'சபாஷ்' என்று சொல்லி, வந்ததும் துண்டைக் கொடுங்கள். 'சபாஷ்' எப்போதும் ஒரே குரலில், செயல் நடக்கும்போதே வர வேண்டும். துண்டு ஒரு நொடி பின்னால் வந்தால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் போதும், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. வீட்டுக்குள் பத்துக்கு ஒன்பது முறை வந்தால் முற்றத்துக்குப் போங்கள். முற்றத்தில் சரியானால், நீளக் கயிற்றோடு வயலுக்கு. வயலில் தடுமாறினால் வெட்கப்படாமல் முற்றத்துக்குத் திரும்புங்கள். வீட்டுக்காரரும் இதைச் செய்ய வேண்டும். அவருடைய கை அடிக்கும் கை இல்லை என்று நாய்க்குத் தெரியச் சில வாரம் ஆகும். தொடக்கத்தில் அவர் கூப்பிடவே வேண்டாம். பக்கவாட்டாக உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், துண்டுகளைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இது படிந்த பிறகுதான் கோழிப் பாடம். நான்கு கோழிகளைப் பஞ்சாரத்துக்குள் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். நாயைக் கயிற்றோடு 40 அடி தள்ளி நிறுத்துங்கள். கோழியைப் பார்க்கும், பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் 'சபாஷ்', துண்டு. திரும்பவே இல்லை, உடல் விறைத்து முன்னால் சாய்கிறது என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னும் பத்து அடி பின்னால் போங்கள். கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டாம். கழுத்து மெலிந்த இனம், காயம்பட்டுவிடும். பாய்ந்தால் ஒரே ஒரு 'ஏய்', அப்படியே திரும்பி அந்த இடத்தைவிட்டு நடந்துவிடுங்கள். கோழியும் போச்சு, ஈரலும் போச்சு. என்னைக் கேட்டால் இந்த நாய்க்கு வேண்டிய தண்டனை இவ்வளவுதான். நடந்த நொடியிலேயே கிடைத்துவிடுகிறது, நம்மீது பயமும் வராது. இப்படி நாள்கணக்கில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கரண்ட் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை ஆன்லைனில் விற்கிறார்கள். இந்த நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். ஷாக் அடிக்கும் நொடியில் அதன் கண்ணில் கோழி இருக்கலாம், உங்கள் மகனும் இருக்கலாம். வலிக்கு எதைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

அடிப்பதற்கு முன்னால் நாய்க்கு நாம் சொல்வது எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் ஒரு ராஜபாளையம் நாயிடம்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், 'சொன்ன பேச்சே கேட்காது, அடித்தாலும் திருந்தாது' என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். தூய வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, முதுகெல்லாம் தழும்பு. நானும் முதலில் முரட்டு நாய் என்றே நினைத்தேன். அது படுத்திருந்தபோது உதவியாளர் பின்பக்கம் ஒரு தகரத் தட்டைத் தவறவிட்டார். அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் துள்ளினோம். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. ஒரு வருடமாகச் செவிட்டு நாயை, பேச்சு கேட்கவில்லை என்று அடித்திருக்கிறார்கள். அந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வாங்கும்போதே அது பார்க்காத பக்கமிருந்து கைதட்டிச் சோதிக்க வேண்டும். அந்த நாய்க்குக் கைச்சைகை பழக்கினோம். கையை உயர்த்தினால் வரும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். உரிமையாளர் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

உங்கள் நாய் திரும்புமா? கூப்பிட்டால் வரும், பையனிடம் பழையபடி பழகும். இந்த இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால், நான்கு கோழியைக் கொன்று ருசி கண்ட சிப்பிப்பாறையை, ஆள் இல்லாத நேரத்தில் மேயும் கோழிகளோடு அவிழ்த்துவிடலாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பழக்கம், நீங்கள் அருகில் இருக்கும்போது உதவும். நீங்கள் இல்லாதபோது வேலிதான் உதவும். எனவே, பக்கத்துத் தோட்டம் ஒட்டிய பக்கத்தில் வலை கட்டிவிடுங்கள். இந்த இனம் நன்றாகத் தாவும். ஆறு அடிக்குக் குறையக் கூடாது.

அதற்கும் முன்னால், இன்றைக்கே, பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் நான்கு கோழிக்கும் அவர் கேட்கிற விலையைக் கொடுத்துவிடுங்கள். நாயைக் கட்டிவிட்டோம், வலை கட்டப்போகிறோம் என்று வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்தே சொல்லுங்கள். விஷம் வைப்பது சட்டப்படி குற்றம் என்று முதல் பேச்சிலேயே ஆரம்பிக்க வேண்டாம். கோழியைப் பறிகொடுத்தவர் அவர்.

'பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால், கையில் பிஸ்கட் இல்லாத நாளில் நாய் மதிக்காதே?'

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பிஸ்கட்டைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டால் மதிக்காதுதான். அது லஞ்சம். துண்டு பையில் மறைந்திருக்க வேண்டும். வேலையை முடித்த பிறகே வெளியே வர வேண்டும். பழகும் நாட்களில் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். படிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, மூன்று முறைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, பிறகு உடனே அடுத்ததற்கும் என்று கணக்குத் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது நாய் இன்னும் வேகமாக வரும். மற்ற நேரங்களில் 'சபாஷ்' என்ற சொல்லும், காதுக்குப் பின்னால் ஒரு சொறியலும் போதும். கதவைத் திறந்துவிடுவது, பந்தை எறிவது, வயலுக்குக் கூட்டிப்போவது எல்லாமே பரிசுதான். 'உட்கார்' என்று சொல்லி, உட்கார்ந்த பிறகு சோற்றுத் தட்டை வையுங்கள். எப்படியும் போடப்போகிற சோறுதானே, அதையே சம்பளமாக்கிக்கொள்ளலாம். பிஸ்கட் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கடையில் நாம் வாங்கும் இனிப்பு பிஸ்கட் வேண்டாம். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு அதைவிட மலிவு, நாய்க்கும் பிடிக்கும்.