தீப்பெட்டிக் கணக்கும் பிள்ளையின் உயிரும்

கணக்கு என்றால் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சங்கதி என்றும், அதற்குப் பிறகு கடைக்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும்தான் அது வேண்டியது என்றும் நம் மக்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு அறியாததனால் கைப்பணம் போவதோடு நில்லாமல், கைப்பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வருகிறது என்பதைப்பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒரு மிட்டாய்க் கடையில் 1 அங்குலக் குறுக்களவுள்ள லட்டு 5 ரூபாய் என்றும், அதே சரக்கில் பிடித்த 2 அங்குல லட்டு 30 ரூபாய் என்றும் வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். நம்மவர் என்ன சொல்லுவார்? "அளவு இரட்டிப்பு, விலை மட்டும் ஆறு மடங்கா? இது பகற்கொள்ளை" என்று சொல்லிச் சின்ன லட்டையே வாங்கி வருவார். ஆனால் உண்மை என்ன? பெரிய லட்டில் இருப்பது எட்டுச் சின்ன லட்டுகளின் சரக்கு. 40 ரூபாய் பெறுமானமுள்ளது 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நஷ்டப்பட்டவர் நம்மவரே.

எட்டு எங்கிருந்து வந்தது? நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் நம்ப வேண்டாம். வீட்டிலுள்ள எட்டுத் தீப்பெட்டிகளை எடுத்து, நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு என்று நான்கைப் பரப்பி, அவற்றின்மேல் மற்ற நான்கையும் அடுக்கிப் பாருங்கள். இப்போது கண்முன் இருப்பது அதே தீப்பெட்டி வடிவம்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்திருக்கின்றன, அவ்வளவே. ஆனால் உள்ளே அடங்கியது எட்டு மடங்கு. வெளியே எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் நான்கு பெட்டிகளின் முகம்தான் தெரியும். ஆகையால் மேலே காகிதம் ஒட்டுவதானால் நான்கு மடங்கு காகிதம் போதும். மூன்று மடங்காக்கினால் மேற்பரப்பு 9 மடங்கு, உள்ளளவு 27 மடங்கு. பத்து மடங்காக்கினால் மேற்பரப்பு 100, உள்ளளவு 1000. பெட்டிக்கு மாத்திரமல்ல, உருண்டைக்கும், குடத்துக்கும், மாட்டுக்கும், மனிதனுக்கும், வடிவம் மாறாமல் பெருக்கிற வரையில் இதே கணக்குத்தான். எந்த உருவத்தையும் நுணுக்கமான பெட்டிகளால் நிரப்பியதாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இனி நம் புராணிகர்களிடம் வருவோம். கும்பகர்ணன் மலையத்தனை ஆள் என்கிறார்கள். மலை வேண்டாம், நம்மைப்போல் பத்து மடங்கு உயரம் என்றே ஒப்புக்கொள்ளுவோம். உடல் எடை ஆயிரம் மடங்கு ஆகிவிடும். எலும்பின் தாங்கும் சக்தியோ, அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது நூறு மடங்குதான் ஆகும். அதாவது கும்பகர்ணன் எழுந்து நிற்பதென்பது, நம்மில் ஒருவர் தம்மைப் போன்ற ஒன்பது பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதற்குச் சமானம். ஆறு மாதம் தூங்கினான் என்பது ஆச்சரியமல்ல. எழுந்து நடந்தான் என்பதே ஆச்சரியம்! யானையின் கால் தூணாகவும், மானின் கால் குச்சியாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

இதை எலும்புப் படம் போட்டு விளக்கி, அரக்கர்களுக்கு மனித உடலின் அதே அமைப்பு இருக்க முடியாது என்று 1638-ல் எழுதியவர் இத்தாலி தேசத்து கலிலியோ. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் மதகுருமார்கள் தண்டித்து வீட்டுக் காவலில் வைத்திருந்த அதே கலிலியோதான். சொந்த நாட்டில் அச்சிட வழியில்லாமல், ஹாலந்திலுள்ள லைடன் நகரத்தில் அந்தப் புத்தகம் வெளிவந்தது.

கும்பகர்ணன் கதையை நம்புவதால் உடனே யாரும் சாவதில்லை. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வரும் சங்கதி அப்படிப்பட்டதல்ல. ஒரு பொருளைப் பாதியாகச் சிறுக்க வைத்தால் உள்ளளவு எட்டில் ஒன்றாகக் குறையும்; மேற்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே சிறியதற்கு, அதன் சரக்கைப் பார்க்கிலும் மேற்பரப்பு அதிகம். அண்டாச் சோறு ஆறுவதற்கு நெடுநேரமாகிறது. அதிலிருந்து எடுத்த ஒரு கரண்டிச் சோறு உடனே ஆறிப்போகிறது.

பிறந்த பிள்ளையும் அந்தக் கரண்டிச் சோற்றைப் போலத்தான். உடல் சூட்டை உண்டாக்குவது உள்ளேயுள்ள சதை. சூட்டை வெளியே விடுவது தோல். 3 கிலோ பிள்ளைக்கு, கிலோ ஒன்றுக்கு உள்ள தோல் பரப்பு, வளர்ந்த ஆளுக்கு உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குளிரில் நம்மைப்போல் நடுங்கிச் சூடு பிறப்பித்துக்கொள்ளவும் அதற்குச் சக்தி போதாது. எடை 2½ கிலோவுக்குக் குறைந்த பிள்ளையானால் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்படியிருக்க, பிறந்தவுடன் தீட்டுக் கழிய வேண்டும் என்று பிள்ளையைக் குளிப்பாட்டும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. "வெந்நீர்தானே, நாங்களும் குளிக்கிறோமே, எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்கிறார்கள் பாட்டிமார்கள். அவர்களுக்குப் பிள்ளைமேல் அன்பில்லை என்று நாம் சொல்லவில்லை. லட்டுக் கடையில் நம்மவர் செய்த அதே தப்பைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பிள்ளை என்பது சிறுத்துப்போன பெரிய மனிதன் அல்ல. வெந்நீர் ஆறும்போது, ஈரத்தோல் வழியாக அதன் சூடெல்லாம் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது என்னவென்றால், பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டாதீர்கள். உடனே ஈரம் போகத் துடைத்து, தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி வைத்துப் போர்த்துங்கள் என்பதே. 1978-ல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் சூட்டுப்பெட்டிகள் போதாமல் தவித்தபோது, எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்பிலேயே கட்டிவைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இப்போது உலகமெங்கும் அந்த முறையைக் கைக்கொள்ளச் சொல்லுகிறார்கள். இதில் விந்தை ஒன்றுமில்லை. கணக்கு சரியாகிவிட்டது, அவ்வளவுதான். பிள்ளையின் தோலில் ஒரு பாகம் தாயின் சூட்டோடு சேர்ந்துகொள்ளுவதால், சூடு வெளியே போகும் பரப்பு குறைகிறது.

ஆகவே தோழர்களே, தீட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் அளந்து காட்டியதில்லை. ஆனால் பிள்ளையின் சூடு குறைவதை ஒரு சின்ன வெப்பமானி காட்டிவிடும். இன்று இரவே எட்டுத் தீப்பெட்டிகளை அடுக்கி, வீட்டுப் பெண்களும் பாட்டிமார்களும் தாங்களே எண்ணிப் பார்க்கும்படி செய்யுங்கள். எண்ணிய பிறகு எது சரி என்று அவர்களே முடிவு செய்யட்டும்.