சொல்லித் தராத வசதிகள்

ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதியிருக்கும். எதற்காக இழுக்க வேண்டும், காரணமின்றி இழுத்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் இருக்கும். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பொறியாளனாகச் சேர்ந்து ஓய்வு பெற்ற எனக்கு அதன் நியாயம் நன்றாகப் புரியும். வசதியை அமைத்தால் மட்டும் போதாது. அது இருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நம் வீடுகளில் இருக்கும் டேப்லெட்டுக்கு இந்த நியாயம் எட்டவில்லை. பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தருகிறார்கள். கூகுள் தேடல் ஆப்பில் ராசிபலனும் கிரிக்கெட் ஸ்கோரும் பார்க்கக் காட்டிவிட்டு, லீவு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆப்புக்குள் நமக்கென்றே செய்து வைத்தது போன்ற சில வசதிகள் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

குஜராத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் குஜராத்தி பேசத் தெரியும், எழுத்து தெரியாது என்பவர்கள் நம்மில் ஏராளம். சொசைட்டி போர்டில் ஒட்டிய நோட்டீஸ் நாளை தண்ணீர் வராது என்கிறதா, மீட்டிங் என்கிறதா என்று அறியப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் சிறிய கேமரா படம் இருக்கிறது. அதைத் தொட்டு, மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்து, தமிழ் என்று குறித்து நோட்டீஸின் முன் காட்டினால் குஜராத்தி எழுத்துகள் தமிழாகத் தெரியும். அச்செழுத்து என்றால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும். கையெழுத்தானால் தடுமாறும். மருந்தின் அளவை மட்டும் இதை நம்பி முடிவு செய்யக் கூடாது. அதற்கு டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோதான் கேட்க வேண்டும்.

தட்டச்சு வராதவர்களுக்கு மைக் இருக்கிறது. 2017-லிருந்தே தமிழில் பேசித் தேடலாம். செட்டிங்ஸில் குரல் மொழியாகத் தமிழைச் சேர்த்தால் போதும். பாட்டில் ஒரு வரிதான் நினைவிருக்கிறதா? அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத் தேடித் தரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடம் விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவை விலகிவிடும். ஐந்தடி ஆறங்குலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் 1676.4 என்று உடனே வரும். நம் அகல ரயில்பாதையின் அளவு அதுதான்!

இவற்றை விளையாட்டாக நினைத்தாலும், அடுத்ததை அப்படி ஒதுக்க முடியாது. பென்ஷன் பற்றித் தேடும்போது சொற்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் 'ஜிஓவி டாட் இன்' என்று சேர்த்தால் அரசுத் தளங்களின் பக்கங்களே முடிவுகளாக வரும். வங்கியின் கஸ்டமர் கேர் எண் என்று சும்மா தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்ணும் வரக்கூடும். அதை நம்பிப் பேசி, ஓடிபியைச் சொல்லி, சேமிப்பை இழந்தவர்கள் நாட்டில் பலர். மேலே 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தால் அது காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்து எடுப்பதே உத்தமம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, பேரனைக் கேட்டால் போயிற்று" என்பார்கள் சிலர். பேரன் பெங்களூரில் இருக்கிறான், நோட்டீஸ் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு காகிதத்துக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பது மனதுக்குள் எவ்வளவு உறுத்தும் என்பது தனியாக வாழும் பெரியவர்களுக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் தானே படித்துப் புரிந்துகொள்வது சிறிய சுதந்திரம் அல்ல.

ஆப் செய்தவர்கள் திரையைச் சுத்தமாக வைத்திருக்க நினைத்து இவற்றையெல்லாம் குறிகளுக்குள் அடக்கிவிட்டார்கள். அவர்கள் வந்து சொல்லித் தரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே இவற்றைத் தாமாகக் கண்டுபிடிக்க முடியாதவர்கள். ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் விரலாலேயே செய்ய வைக்கட்டும். ஆறேழு குறிப்புகளைப் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்கிறோம்.