ஹெல்மட் போட்டீங்களா என்று ஒருவரும் கேட்கவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. 38 விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று நாளாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை வாசிக்கவும் நேரம் இருக்கும் என்று நம்புகிறோம்.

ஆம், அந்த வீடியோவில் இருப்பது நாங்கள்தான். ஏழு பேர். எல்லோரும் டீச்சர்மார். எல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் மூன்று பகி வண்டிகள் சேறு தெறிக்க ஏறுகின்றன. அபாயா உடுத்த ஒருவர் ஓட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் சத்தம் போட்டுச் சிரிக்கிறார். அவ்வளவுதான் வீடியோ. சிரித்தவருக்கு வயது 49. அவரிடம் படித்தவர்கள் இன்று இந்த ஊரில் டொக்டராகவும் இருக்கிறார்கள், அந்த வீடியோவுக்குக் கீழே கொமன்ட் போட்டவர்களாகவும் இருக்கிறார்கள்.

வட்ஸ்அப் குறூப்புகளில் வந்தவற்றில் சிலதை அப்படியே தருகிறோம். "இவங்கதான் நம்மட புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிறாங்களாம்." "மாப்பிள்ளமார் எங்க போயிட்டாங்க?" "கியாமத்து நாளுக்கு இன்னும் என்ன அடையாளம் வேணும்?" நாங்கள் மதிக்கிற ஓய்வுபெற்ற சேர் ஒருவர், "வயசுக்கேத்த வேலையப் பாருங்க பிள்ளைகள்" என்று எழுதியிருந்தார். அவர் பிள்ளைகள் என்று கூப்பிட்டதற்காக அவரோடு கோபமில்லை.

மற்றவர்களோடு கோபம் இருக்கிறது. எங்களில் இளையவருக்குப் பேசி வைத்திருக்கும் இடத்திலிருந்து, "அந்த வண்டியில மகளும் போனவாவா?" என்று போன் வந்திருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்பக் கையெழுத்துச் சேர்ப்பதாகவும் கேள்விப்பட்டோம். சிரித்ததற்கு மனுவா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கலியாணம் பேசி வைத்திருக்கும் பிள்ளையின் உம்மா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. பகிடியாகப் போகிற விஷயம் இல்லை இது.

மாப்பிள்ளமாரைக் கேட்டவர்களுக்குப் பதில். இரண்டு பேர் கூடத்தான் வந்தார்கள், மலைப் பாதையில் குலுங்கினால் நாரி நோகும் என்று கீழே தேநீர்க் கடையில் இருந்துகொண்டார்கள். எங்களில் ஒருவரின் வாப்பாவும் வந்தார், வயது 71. நான்காவது வண்டியில் இருந்த அவர்தான் வீடியோவை எடுத்தார். எடுக்கும்போதே வழிகாட்டிப் பையன் பின்னால் திரும்பி, போனை உள்ளே வைத்து இரண்டு கையாலும் பிடியுங்கள் என்று சத்தம் போட்டான். அதோடுதான் அது 38 விநாடியில் முடிகிறது. குடும்பக் குறூப்புக்கு அவர் அனுப்பியது எப்படி ஊருக்குள் வந்தது என்று நாங்கள் தேடப் போவதில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிக்கு முன்னால் கூட்டாளிமாரோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிற மனிதர், மூன்று நாளாக சலாம் கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் நல்ல பெண்கள் என்று சான்றிதழ் வாங்க வரவில்லை. எங்களைப் பற்றி எழுதிய இருநூறு முந்நூறு பேரில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. ஹெல்மட் போட்டீங்களா? பெல்ட் போட்டீங்களா? ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நாங்களே சொல்கிறோம்.

முதலில் போன இடத்தில் போடவில்லை, ஏனென்றால் அங்கே ஏறவே இல்லை. "புதுசா ஓட்டுறவங்களுக்கும் லேசு, பயமில்ல" என்றுதான் அங்கும் சொன்னார்கள். ஹெல்மட்டைத் தூக்கிப் பார்த்தால் நாடிப் பட்டி அறுந்து கிடக்கிறது. கையெழுத்து வைக்கத் தந்த தாளில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை. காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டோம், பையன் சிரித்தான். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். வேன் கூலிக்குக் காசு கொடுத்து, விடிய நான்கு மணிக்கு எழும்பி, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று வந்த பிறகு திரும்புவது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது இடத்தில்தான் ஓட்டினோம். லேசு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கேதான் புரிந்தது. பகியில் கியர் மாற்றும் வேலை இல்லை. ஒன்றோடொன்று பெல்ட்டால் இணைந்த இரண்டு கப்பிகள் தானாக அகன்றும் ஒடுங்கியும் வேகத்துக்கேற்ப இழுவையை மாற்றிக்கொள்கின்றன. காலுக்குக் கீழே இரண்டு மிதி, எக்ஸலேட்டரும் பிரேக்கும். தலைக்கு மேலே இரும்புக் கூண்டு, தோளிலும் இடுப்பிலும் பூட்டும் பெல்ட். குவாட் பைக் என்று இன்னொன்று இருக்கிறதே, மோட்டார் சைக்கிள் போல ஏறி இருப்பது, அதில் இந்தக் கூண்டு இல்லை. சரிந்தால் வண்டி ஆளின் மேல் விழும். எங்களுக்கு அது வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்திருந்தோம்.

மட்டமான வெளியில் இருபது நிமிடம் ஓட்டிப் பழகிய பிறகுதான் மேலே விட்டார்கள். வழிகாட்டி சொன்ன முதல் பாடம், வண்டி சரியப் பார்த்தால் கையை வெளியே ஊன்றாதே. விழும்போது கை ஊன்றுவது மனித இயல்பு. அப்படி ஊன்றிய கையின் மேல்தான் கூண்டு வந்து விழும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தால் பெல்ட்டும் கூண்டும் தங்கள் வேலையைச் செய்யும். இரண்டாவது, முன் வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடு.

அபாயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொமன்ட் போட்டவர்களுக்கு அது மார்க்கப் பிரச்சினை, எங்களுக்கு அது சில்லுப் பிரச்சினை. தொங்கும் முந்தானையும் ஷோலும் சுழலும் எதிலும் போய்ச் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக இருந்து போகும் எங்கள் பெண்களின் அபாயா பின் சில்லில் சிக்குவதை இந்த ஊரில் காணாதவர் யார்? நாங்கள் உள்ளே காற்சட்டை போட்டு, அபாயாவை முழங்காலுக்குக் கீழே ஊசி குத்திச் சுருக்கி, ஸ்காஃபின் இரண்டு நுனியையும் கழுத்துக்குள் செருகி, தலையில் துணித் தொப்பி போட்டு, அதற்கு மேல் ஹெல்மட்டைப் பூட்டினோம். ஒரு முடியும் வெளியே தெரியவில்லை. அதை எழுத வேண்டியிருப்பதே வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வி. உண்மையில் நாங்கள் பயந்தது எதற்கு? பகிக்கு அல்ல, வேனுக்கு. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல-வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். தங்காலை நகர சபையில் வேலை செய்தவர்களும் குடும்பங்களும். எங்களைப் போலவே ஒரு நாள் மலை பார்க்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அதே வருடம் மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாங்கள் கடலோரத்து ஆட்கள். வயலும் கடலும்தான் எங்களுக்கு, எங்கள் ஊர் டிரைவர்மார் கை சுத்தமானவர்கள், ஆனால் அவர்கள் பழகியது மட்டமான ரோட்டில். மலையிறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பகியில் அந்தப் பையன் எங்களுக்குச் சொன்ன மூன்றாவது பாடம் இதுதான். இறங்கும்போது தாழ்ந்த கியரில் போடு, இஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதி. திரும்பி வரும்போது எங்கள் வேன் டிரைவர் தம்பியிடம் அதையே சொன்னோம். முதலில் முகம் கோணினார். பிறகு வெல்லவாய வரைக்கும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும்தான் வந்தார். இருட்ட முன்னமே இறங்கிவிட வேண்டும் என்றும் பேசி வைத்திருந்தோம், இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது வெயில் இருந்தது.

மழை பெய்தால் போவதில்லை என்பதும் முன்பே முடிவான விஷயம். டித்வா புயலில் மலைநாடு பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் யாரும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகக் கூடாது. போன் இருக்கிற எல்லோருக்கும் ஒரு நிமிட வேலை அது.

இனி எங்களைக் கண்டித்தவர்களிடம் நாங்கள் கேட்கிறோம். பெருநாள் அன்று பின்னேரம் நம் கடற்கரை ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், தலையில் ஒன்றும் இல்லாமல், முன் சில்லைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அந்த வீடியோக்களுக்குக் கீழே ஏன் எல்லோரும் நெருப்புப் படம் போடுகிறீர்கள்? இந்த நாட்டில் வருடத்துக்கு 2000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் சாகிறார்கள், அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான் அதிகம். ஜனாஸா அறிவித்தல் நம் பள்ளி ஒலிபெருக்கியிலும் வந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளையின் பெயர் அதில் வந்த நாளில் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அழுதவர்கள் நாங்கள். அந்த வாரம் யாரும் மனு எழுதவில்லை. ஆம்பிளப் புள்ள, அப்படித்தான் ஓடுவான் என்றார்கள்.

பெண் ஓட்டுவதுதான் பிரச்சினை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் சவூதிக் காசில் கட்டியது. அந்தச் சவூதியிலேயே 2018 ஜூனிலிருந்து பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள். ஜித்தாவைச் சேர்ந்த தானியா அகீல் 2021இல் பாலைவனப் பஜா ஓட்டப் போட்டிகளின் உலகக் கிண்ணத்தை டீ3 பிரிவில் வென்றார். டீ3 என்பது வேறொன்றும் இல்லை, நாங்கள் ஓட்டியதன் பெரிய அண்ணன்மாதிரி ஒரு வண்டி. அடுத்த வருடம் டக்கார் ராலியிலும் ஓடினார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் ஆயிஷா வென்றதும், பிறகு ஒரு நாள் நபியவர்கள் வென்றதும் அபூதாவூதில் இருக்கிறது. இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே நம் ஊர் மதரஸாதான்.

எங்களைத் திட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு காரணம் இருக்கிறது, நாங்களே தருகிறோம். அந்தப் பாதை தோட்டத்து லயன்களுக்கு முன்னால் போகிறது. நாங்கள் போன அன்று மேல் பக்கம் சேறு, லயன் பக்கம் புழுதி. வாசலில் உடுப்புக் காயப் போட்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் துணிகளை உள்ளே எடுத்தார். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நாங்கள் ஆளுக்குக் கொடுத்த காசு அவருடைய ஒரு நாள் சம்பளத்தைவிடப் பல மடங்கு. அந்தச் சனத்துக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்டோம், பாதைக்குக் காசு தோட்டத்துக்குக் கட்டுவதாகச் சொன்னார்கள். வேகத்தைக் குறைத்துத்தான் போனோம், ஆனால் குறைத்ததால் புழுதி இல்லாமல் போய்விடாது. அடுத்த முறை லயன் பக்கம் போகாத பாதை இருந்தால் மட்டும்தான். இருநூறு முந்நூறு கொமன்ட்டில் ஒருவருடைய கண்ணிலும் அந்த அக்கா படவில்லை. வீடியோவின் 21ஆவது விநாடியில் அவர் இருக்கிறார், பாருங்கள்.

மனுவைப் பற்றி ஒரு சொல். எழுதுகிறவர்கள் பெயரோடு எழுதுங்கள். நாங்களும் ஏழு பேரும் பெயரோடு பதில் எழுதுவோம். விடுமுறை நாளில், சொந்தக் காசில், குடும்பத்தோடு போனதற்கு எந்த அதிபரிடமும் நாங்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போன் எடுத்த சம்பந்தி வீட்டாருக்கு நாங்கள் நேரில் போய்ப் பதில் சொல்லிவிட்டோம். வண்டி ஓட்டிய பிள்ளை எது என்று அவர்கள் கேட்டார்கள். "இவதான், எங்க எல்லாரையும் விட மெதுவா ஓட்டினவா" என்றோம். மாப்பிள்ளையின் உம்மா சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனோம். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், கியர் போடாம எப்படி மலை ஏறும்?" என்று கேட்டாள். கரும்பலகையில் இரண்டு கப்பியும் பெல்ட்டும் கீறிக் காட்டினோம். அகலப் பாதையும் தாழ்ந்த இருக்கையும் இருந்தால் ஏன் லேசில் புரளாது என்று ஈர்ப்பு மையமும் வந்தது. பின் வரிசை ஆம்பிளைப் பிள்ளைகள் கொப்பியை எடுத்ததை அந்த வகுப்பில் அன்றுதான் முதல் முறை பார்த்தோம். அவர்களில் இரண்டு பேர் ஹெல்மட் இல்லாமல் வருகிறவர்கள். இனி அப்படி வந்தால் சைக்கிளைக் கேற்றுக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம், வாப்பாமார் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

அடுத்த தவணை விடுமுறைக்கு இன்னும் நான்கு பேர் வரக் கேட்டிருக்கிறார்கள். அதில் இருவர் நேற்றுவரை எங்களுக்கு எதிராகக் கொமன்ட் போட்டவர்களின் வீட்டுக்காரிகள், பெயர் சொல்ல மாட்டோம். ஹெல்மட்டுக்குள் போடும் துணித் தொப்பி இன்னும் நான்கு தைக்கக் கொடுத்திருக்கிறோம். வாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டு.