துறைமுகத்தை எங்கே நின்று வரைவது?

1808இல் இலண்டனில் இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டு அடங்கிய படத்தொகுதியொன்று வெளிவந்தது. வரைந்தவர் சாமுவேல் டானியெல். இந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்து புகழ்பெற்ற தோமஸ் டானியெலின் பெறாமகன். தொகுதியிலுள்ள ஒரு படம் திருகோணமலைத் துறைமுகம், ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்தது.

அக்கோட்டை எழுந்த காரணமே அப்படம் பிறந்த காரணமும். வாடைக்காற்று மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க அன்று இடமிருக்கவில்லை. சென்னையிலே திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டியிருந்தது. குன்றுகள் சூழ்ந்த ஆழமான திருகோணமலையோ எந்தப் பருவத்திலும் கப்பலைக் காக்கும். அதனால்தான் 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அதை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் பறித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள். அவர்களுடைய கொடியின் கீழ் நின்றே டானியெல் வரைந்தார்.

செப்புத் தகட்டில் பிசின்தூள் படியவைத்து, அமிலத்தால் அரித்து, நீர்வர்ணத்தின் மென்மையை அச்சிலே கொண்டுவரும், இப்படங்கள் அச்சான அந்தக் கலை பெரும் பொறுமையைக் கேட்பது. இத்தீவின் காடுகளில் அலைந்து வரைந்த டானியெல் 1811இல் இங்கேயே இறந்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறோம். ஆயினும் கோட்டையில் நிற்பவரின் கண் முதலில் தேடுவது கப்பல் வரும் வழியை. வலை இழுப்பவரின் முகம் அந்த உயரத்திலிருந்து தெரியாது.

நம் யாழ்ப்பாணத்திலும் துறைகள் உண்டு. அரியாலைக்கு அயலிலே கொழும்புத்துறை இருக்கிறது; பூநகரிக்குப் படகேறிய பழைய துறை. கிழக்கு அரியாலைக் கரையில் வள்ளங்களும், கடனீரேரியில் கம்பு நாட்டிக் கட்டிய வலைகளும் இன்றும் உண்டு. சோளகம் ஓய்ந்து வாடை எழும்போது நீரின் நிறம் எப்படி மாறும், வள்ளத்தை எங்கே கட்டவேண்டும் என்று அறிந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். எஸ். ஆர். கனகசபையின் வின்ஸர் சித்திரக் கழகமும், குருநகரில் பிறந்த அ. மாற்குவும் வளர்த்த ஓவிய மரபும் நம்மிடம் இருக்கிறது. துறையைத் துறையில் நின்றே வரைய இதைவிட வேறென்ன வேண்டும்?

சித்திர ஆசிரியர்களை வேண்டுகிறோம்: பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அச்சிட்ட அட்டைகளைப் பார்த்து வரைவதை விட்டு, தொழிலாளிகளோடு கதைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு வரையட்டும். வரும் இதழ்களின் அட்டையை அந்தப் படங்களுக்கென ஒதுக்குகிறோம். எங்கே நின்று, எந்த மாதத்தில் வரைந்தது என்பதைப் படத்தின் பின்புறம் எழுதி அனுப்புங்கள்.