ஊதிய சங்கும் கேளாத நூலகமும்

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்னும் பழமொழியை மேடைதோறும் எடுத்தாள்பவர்கள் நாம். கேளாதவர் முன் சங்கைத் தூக்கிக்கொண்டு போனவனின் மடமையைப் பற்றி அப்பழமொழி வாய் திறப்பதில்லை. நம் கிளை நூலகங்கள் இன்றும் அந்தச் சங்கைத்தான் ஊதிக்கொண்டிருக்கின்றன.

"அவர்களுக்குத்தான் கண் தெரிகிறதே, எடுத்துப் படித்துக்கொள்ளட்டுமே" என்கிறார்கள். சொல்பவர் பெரும்பாலும் படித்தவர் என்பதுதான் வேதனை. கேட்கும் குழந்தை, எழுத்தைக் காணுமுன்னரே நான்கைந்து ஆண்டுகள் செவிவழியே தமிழில் ஊறிவிடுகிறது. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தைக்கு அந்த ஊறல் வாய்ப்பதில்லை. வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் அது முதன்முதலில் சந்திப்பதே அச்சில்தான். அதற்கு இயல்பாக வசப்படும் மொழி சைகைமொழி. தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி. ஆக, தமிழ் நூல் அதற்கு இரண்டாம் மொழி நூல். 'கேள்வி'க்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகளில், கேளாமல் கற்போர் எவ்வழி கற்பர் என்ற வினா அரிதாகவே எழுகிறது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உண்டு. 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. இவை போற்றத்தக்கவை, இன்னும் பெருகவேண்டும். ஆனால் பிரெயில் அடுக்கைக் காட்டி, 'மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்தாயிற்று' என்று கணக்கை முடிப்பதை ஏற்க இயலாது.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. அதற்காக உழைத்த ரங்கநாதன், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதை நூலகத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தவர். அச்சட்டத்தின் வழி இன்று சொத்துவரியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரி வசூலாகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்து ஆவடியில் வீடு கட்டிய காதுகேளாத தொழிலாளியும் அதைச் செலுத்துகிறார். செவி கேளாதென்று வரி குறைவதில்லையே!

நாம் கேட்பது புதுமையும் அன்று. வாஷிங்டன் பொது நூலகத்தில் தாமே காதுகேளாதவரான ஆலிஸ் ஹேகமேயர் 1970களிலேயே காதுகேளாதோருக்கான நூலகராகப் பணியாற்றினார். பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு இதற்கென நெறிமுறைகளை 1991இல் வெளியிட்டு, 2000இல் திருத்தியது.

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். இருக்கிறதுதான். இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. பள்ளிப் பாடநூல்களைச் சைகைமொழிக் காணொளிகளாக்க அம்மையம் என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020இல் ஒப்பந்தம் செய்தது. சிதறிக் கிடப்பதைத் திரட்டி, வகைப்படுத்தி, வாசகர் கையில் சேர்ப்பதற்குத்தானே நூலகர் என்றொருவர்? காப்புரிமை தடுக்கும் என்று தப்பவும் வழியில்லை. 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் ஆக்க இடமளித்திருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் சேர்த்து, சைகைமொழி அறிந்த ஒரே ஒரு நூலகர் போதும், முறைவைத்து வரட்டும். கிளைக்கொரு கணினித் திரை, எழுத்துரையுடன் கூடிய காணொளிகள், மாதம் ஒரு சைகைமொழிக் கதைநேரம். இப்பகுதிக் காதுகேளாத முதியோர் தம் வாழ்க்கையைத் தம் கைகளால் சொல்ல, அதைப் பதிவுசெய்து நூலக இருப்பில் சேர்க்கவேண்டும். நூல் வாங்கும் குழுக்கள் அச்சாகாததை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு வழக்கு.

அம்பத்தூர் சென்னை மாவட்டம், மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டம் என்று கோப்பை இரு நூலக ஆணைக்குழுக்களும் மாறி மாறித் தள்ளிவிடாமல், அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே அந்தப் பணியிடத்துக்கு நிதி ஒதுக்கட்டும்.