துபாயா, சிங்கப்பூரா? வயசான பிறகு எங்கே?

வெளிநாடு கிளம்புகிறவர்கள் ஏஜெண்டிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சம்பளம் எவ்வளவு?" இன்னொன்றும் கேட்க வேண்டும். வயசான பிறகு அந்த ஊர் நம்மை வைத்துக்கொள்ளுமா?

துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தொழிலாளியின் விசா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வேறு வேலை தேட வேண்டும்; இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். 2020-ல் ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி விசா கொண்டுவந்தார்கள். 55 வயசு ஆகியிருக்க வேண்டும். 10 லட்சம் திர்ஹாம் சேமிப்போ, பெரிய சொத்தோ, பெருத்த மாத வருமானமோ காட்ட வேண்டும். கலவை சுமக்கிறவரால் ஆகிற காரியமா இது?

சிங்கப்பூரில் 1955 முதல் மத்திய சேமநிதி இருக்கிறது. முதலாளியும் பணம் போட வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்! ஒர்க் பெர்மிட்டில் போன நம்ம ஆளுக்குக் கிடையாது.

துபாயில் ஒரு வருஷம் முடித்தால் பணிக்கொடை உண்டு. முதல் 5 வருஷத்துக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் 30 நாள். அடிப்படையைக் குறைத்து, மீதியை 'அலவன்ஸ்' என்று எழுதினால் இதுவும் தேயும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த நாடானாலும் ஏழைத் தொழிலாளி கடைசியில் வந்து இறங்குவது சொந்த ஊரில்தான். தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு மாடி என்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு வரலாமா? தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாட்டில் இருக்கும் இந்தியரும் சேரலாம். முதல் மாசச் சம்பளத்திலேயே தன் பேருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குங்கள். வீட்டார் கோபித்தாலும் பரவாயில்லை!